ஆளில்லாமல் ஓடும் வேலை

“நான் லாக் அவுட் பண்ணிட்டேன் மாமா. ஆனா உள்ள ப்ரோகிராம் தன்னால ஓடும். நீங்க எதையும் தொட வேணாம்,” என்றாள் வேல்விழி, காய்ச்சல்காரப் பிள்ளையை இடுப்பில் தூக்கியபடி.

அழகர் மருமகளின் கம்ப்யூட்டரை முறைத்தார். திரையில் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கும் கட்டம் மட்டும் நின்றது.

“ஆளில்லாம எது ஓடும்? நான் தலையத் திருப்புனாலே, திராட்சைக்கு மருந்தடிக்கிறவன் பீடியப் பத்த வச்சிர்றான்!”

“இது பீடி குடிக்காது மாமா. பரீட்சையில தேறுன அறுநூறு பேருக்கு, வேலை கெடச்சிருச்சுன்னு எங்க கம்பெனி மெயிலு ஒண்ணொண்ணாப் போகுது. பத்து மணி கரண்ட் கட்டுக்குள்ள முடிஞ்சிரும். முடிஞ்சா இந்தப் பச்ச லைட்டு மினுக்குறது நின்னுரும்.”

“பாதியில நின்னா?”

“என் வேலை போயிரும்!” சிரித்துவிட்டுச் சின்னமனூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

அழகருக்குச் சிரிப்பு வரவில்லை. மழையில் திராட்சை அழுகிப்போன வருஷம். அடுப்பு எரிவதே அவள் சம்பளத்தில்தான். லைட்டுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

பத்து மணி. ஃபேன் நின்றது. யூ.பி.எஸ். கீச் கீச்சென்று கத்தியது. பச்சை லைட்டு இன்னும் மினுக்கிக்கொண்டே இருந்தது.

“சொன்னேன்ல, ஆளில்லாம விட்டா இப்பிடித்தான்!” வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைக் செட் வாடகைக்கு விடும் சங்கிலியிடம் ஓடினார்.

“ஏலே, ஜெனரேட்டர எடு!”

“காதுகுத்து வீட்டுக்குப் போகணும் சித்தப்பா…”

“காது நாளைக்கும் அங்கனதான் இருக்கும். என் மருமக வேலை இருக்காது. வண்டியில ஏத்துடா!”

யூ.பி.எஸ். மூச்சை விடுவதற்குள் ஜெனரேட்டர் வந்து உறுமியது. அழகர் டீசல் கேனோடு நகராமல் காவல் இருந்தார்.

பதினொன்றரைக்கு வேல்விழி பிள்ளையோடு வேர்த்து விறுவிறுக்க ஓடி வந்தாள்.

“எத்தன தடவ போன் அடிச்சேன் மாமா!”

“இந்த இரைச்சல்ல என்னத்தக் கேக்குறது? ஒரு நிமிசம் நிக்க விடல தாயி. பாரு, இன்னும் ஓடுது!”

அவள் பாய்ந்துபோய்க் கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கி எறிந்தாள்.

“என்ன ஆத்தா பண்ற?”

“லிஸ்ட்ட வெட்டாமப் போட்டுட்டேன் மாமா, பரீட்ச எழுதுன அம்புட்டுப் பேரும் அதுல இருக்காக. பஸ்ஸுல திரும்பி வரையிலதான் நெனப்பு வந்துச்சு. தேறுனவுக பேருதான் மேல, பத்து மணிக்குக் கரண்டு போனதோட நின்னுருக்கும்னு சாமியக் கும்பிட்டுக்கிட்டே வந்தேன்… இப்பத் தேறாதவுகளுக்கெல்லாம் வேலை குடுத்துட்டீகளே!”