ஆறு ரோஜாவும் பச்சை டேப்பும்

2021 நவம்பர் 15 அன்று தூத்துக்குடியில் விடியலிலிருந்தே மழை. மாதா கோயில் வாசலில் கார் கதவு இடுக்கியதில், மணப்பெண் ரெக்ஸலினின் பூச்செண்டிலிருந்த ஆறு ரோஜாக்களும் காம்பொடிந்து தொங்கின. ஒடிந்த பூவோடு உள்ளே போனால் மாமியார் வீட்டில் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். அவளுக்கு அழுகை முட்டியது.

"ஏட்டி, அழுதா மை கரையும். கொண்டா இங்க," என்று வாங்கினாள் பூ அலங்காரம் செய்யும் ஜெசிந்தா. காம்புக்குக் கம்பியை அணைகொடுத்துப் பச்சை டேப்பை எடுத்தவள் நிறுத்தினாள். "ஈரக் காம்புல ஒட்டாது. ஒட்டிட்டா கடல்ல போட்டாலும் விடாது. காஞ்ச துணி இருக்கா?"

எல்லார் துணியும் நனைந்திருந்தது. ரெக்ஸலின் தன் சந்தன நிறப் பட்டின் கொசுவத்தை விரித்து உள்மடிப்பை நீட்டினாள்.

"ஏட்டி, பட்டு! கறை போவாது."

"உள்பக்கந்தான? தொடைங்கக்கா."

ஜெசிந்தா ஒவ்வொரு காம்பாகத் துடைத்து, டேப்பை மெலிய இழுத்து, விரலால் உருட்டிக்கொண்டே சுற்றினாள். கோயில் மணி அடித்து ஓய்வதற்குள் ஆறும் நிமிர்ந்தன. எங்கே ஒடிந்தது என்று ரெக்ஸலினுக்கே தெரியவில்லை.

திருப்பலி முடிந்து பூச்செண்டை மாதா பாதத்தில் வைத்தாள். மாமியார் ஒரு ரோஜாவைத் தொட்டுப் பார்த்து, "நல்ல பூ," என்றார்.