பன்னிரண்டாவது போல்ட்

பழைய கார் எஞ்சினைப் பிரித்தபோது பதினொரு போல்ட்டுகள் கழன்று மண்ணெண்ணெய் டின்னுக்குள் போய்விட்டன. துருப்பிடித்த பன்னிரண்டாவது மட்டும் அசையவே இல்லை.

"நான் போயிட்டா இந்த எஞ்சினை யாரு தாங்கறது?" என்று ஸ்பேனரிடம் எகிறியது.

ஸ்பேனருக்குத் தோள்பட்டையே கழன்றுவிடும் போலிருந்தது. "வாஸ்தவம்தாண்ணே, நீங்களே இருங்க. இன்னும் கொஞ்சம் இறுக்கியே விட்டுடறேன்" என்று இறுக்கும் பக்கமாக ஒரு தள்ளுத் தள்ளியது.

போல்ட்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இப்பவாவது என் அருமை தெரிஞ்சுதே!" என்று அது பூரித்த பூரிப்பில் துரு பொலபொலவென்று உதிர்ந்தது. ஸ்பேனர் சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்பியது.

டின்னுக்குள் மற்ற போல்ட்டுகள் கேட்டன: "வாங்கண்ணே, உங்களையும் கழட்டிட்டாங்களா?"

"சேச்சே! நீங்கள்லாம் எப்படி இருக்கீங்கன்னு ஒரு எட்டு பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."