பூஞ்சைக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை முடிந்த கல்லூரி ஆய்வகத்தில் சாம்பிராணிப் புகை சன்னல் வெயிலில் சோம்பலாக ஏறிக்கொண்டிருக்கிறது. நுண்ணோக்கிக்குச் சந்தனம், தராசுக்குக் குங்குமம், ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் செவ்வந்தி. மேசையில் வரிசையாக இருக்கும் பன்னிரண்டு பூஞ்சைத் தட்டுகளின் மூடிமேலும் ஆளுக்கொரு பொட்டு. ஆராய்ச்சி மாணவி அனுசுயா மார்க்கரில் எழுதிவைத்த எண்களில் மட்டும் ஒன்றைக்கூடக் காணோம். "யக்கா, நம்பரெல்லாம் எங்க?" "கிறுக்கலா இருந்துச்சு. ஸ்பிரிட்டு போட்டுத் துடைக்காம எப்படித் தாயி பொட்டு வைக்கிறது?" என்கிறாள் ஆய்வக உதவியாளர் மூக்கம்மாள், விரல் நுனியில் குங்குமத்தோடு.

அத்தனையும் அனுமந்தன்பட்டித் திராட்சைத் தோட்டத்து மண்ணில் எடுத்த பூஞ்சை. பார்வைக்குப் பன்னிரண்டும் ஒரே வெள்ளைப் பஞ்சு. வேண்டிய பெப்டைடைச் செய்வது அதில் ஒன்றுதான். நாளை மதுரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அதைக் கொண்டுபோகாவிட்டால் மூன்று வருட ஆராய்ச்சி போயிற்று. "அப்படி என்னத்தச் செய்யுது அது?" என்று கேட்கிறாள் மூக்கம்மாள். அனுசுயா அவளை முறைத்தபடியே சொல்கிறாள்: "பெப்டைடுங்கிறது புரதத்துல ஒரு துண்டுச் சரம்க்கா. அதுல அங்கங்க மீத்தைல்னு ஒரு சின்னப் பொட்டு வைக்கும், இதுக்குள்ள இருக்கிற நொதி. பொட்டு வச்ச சரத்த வேற நொதி எதுவும் லேசுல கடிச்சு அறுக்காது." "அதுவும் பொட்டுத்தான வைக்குது. பெறகு என்னைய மட்டும் ஏன் மொறைக்கிற?" மூக்கம்மாள் ஒரு தட்டை முன்னால் நகர்த்துகிறாள். அதன்மேல் மட்டும் பொட்டு ஒரு ரூபாய்க் காசளவு இருக்கிறது. "தெனமும் வந்ததும் எதத் தூக்கிப் பாத்துச் சிரிப்பியோ, அதுக்கு மட்டும் பெருசா வச்சேன்." அனுசுயா மார்க்கரைத் தேடி எடுக்கிறாள். "எழுது தாயி," என்கிறாள் மூக்கம்மாள், "பொட்டச் சுத்தி எழுது."