காதுகுத்துக்கு வந்த வெலோரி

அக்கா மகன் எழிலனை மடியில் வைத்துக்கொண்டு காதுகுத்துக்கு உட்கார்ந்திருந்தேன். ஆசாரி ஊசியை எடுத்த நேரம் பார்த்து அந்த வெலோரி மண்டபத்துக்குள் வந்தது. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து இங்கே மரபணு வைத்தியம் பார்க்கிறார்களே, அவர்களில் ஒன்று. எழிலன் அக்கா வயிற்றில் இருக்கும்போதே இவனுடைய இதயக் கோளாறைத் திருத்தியது அதுதான். பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. நாங்கள் அதைச் சாமி என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

"வாங்க டாக்டர், சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார் மச்சான்.

"இருக்கட்டுங்க. பிள்ளையக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

"எங்க, செக்கப்புக்கா?" என்று அக்கா சிரித்தாள்.

"வீட்டுக்கு. பால்குடி மறக்கட்டும்னுதான் உங்ககிட்ட விட்டிருந்தேன்."

அக்காவின் சிரிப்பு நின்றது. "பெத்தவ நானுங்க."

"சுமந்தீங்க, நன்றி. எங்க சனத்துல திருத்தினவங்கதான் பெத்தவங்க."

மச்சான் வேட்டியை மடித்துக் கட்டினார். "தர முடியாதுன்னா என்ன பண்ணுவ?"

அது கோபப்படவில்லை. "அப்ப நான் திருத்தினத மட்டும் திரும்ப எடுத்துக்கறேன். மிச்சம் உங்க பிள்ளை."

மேளக்காரர்கூட வாசிப்பை நிறுத்திவிட்டார். திருத்தியதை எடுத்தால் அந்த இதயம் ஒரு நாள்கூடத் தாங்காது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மச்சான் வேட்டியை இறக்கிவிட்டார். அக்கா என் மடியிலிருந்து அவனைத் தூக்கி, மொட்டைத் தலையில் காயாத சந்தனத்தைத் தடவிச் சரிசெய்து, தானே அதன் கையில் கொடுத்தாள்.

"என் முந்தானையப் பிடிச்சாத்தான் இவன் தூங்குவான்" என்றாள்.

"கவலைப்படாதீங்க" என்றது வெலோரி. "அதையும் திருத்திடறேன்."