கீழ்வீட்டுக்காரர் பூட்டு

மாடிப்படிக்கு அடியில் நின்ற தன் சைக்கிளைப் பார்த்ததும் தச்சருக்கு ரத்தம் கொதித்தது. அவருடைய பூட்டைக் காணோம். அந்த இடத்தில் கீழ்வீட்டுக்காரரின் பூட்டு தொங்கியது.

“சைக்கிள் நிறுத்துற இடத்துக்கு நேத்து சண்டை போட்டான், இன்னைக்கு என் சைக்கிளையே பூட்டிட்டான். என்ன திமிர்!”

“அவரு வரட்டும், கேட்டுக்கலாம்” என்றாள் மனைவி.

“அவன்கிட்ட எனக்கென்ன பேச்சு?” சுத்தியலால் ஓங்கி நாலு போடு போட்டார். பூட்டு வாயைப் பிளந்தது.

கீழ்வீட்டுக்காரர் வியர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார். கையில் புதுப் பூட்டு.

“உங்க பூட்டை எவனோ உடைச்சிட்டான்யா! அவனை விரட்டிட்டு என் பூட்டைக் கழட்டி மாட்டினேன். உங்களுக்குப் புதுசு வாங்கப் போனா, கடை வாசல்லயே என் சைக்கிளைத் தூக்கிட்டானுங்க. இந்தாங்க, பூட்டு. இடமும் இனி முழுசா உங்களுக்குத்தான்!”