எவர்சில்வர் டப்பா

ஓட்டலை விற்ற சிங்காரவேலுவை டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடப்பதற்கு ஓர் இடம் வேண்டுமே என்று, விற்ற ஓட்டலுக்கே காலையில் நடந்து போனார். இரண்டு இட்லி கேட்பார், சட்னி வேண்டாம் என்பார். பிறகு மஞ்சள் பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்து, அவசரமே இல்லாமல் மூடியைத் திறப்பார். வீட்டில் அவர் கையால் அரைத்த சட்னி. வாசனை கல்லா வரைக்கும் போகும். பக்கத்து மேஜைக்காரர்கள், "அண்ணாச்சி, இங்க ஒரு கரண்டி" என்று தட்டை நீட்டுவார்கள். பத்தாம் நாள் டப்பா தூக்குவாளியாக வளர்ந்திருந்தது. ஓட்டல் சட்னி வாளி நிறைந்தபடியே சமையலறைக்குத் திரும்பியது. சிங்காரவேலுவுக்குச் சர்க்கரை குறைந்தது, தூக்கம் நன்றாக வந்தது.

ஓட்டலை வாங்கிய தயாளன் கல்லாவிலிருந்து எழுந்து வந்தான். கைமாறிய அன்று, "ஒரு மாசம் இருந்து சட்னிப் பக்குவம் சொல்லித் தரேன்" என்றவரிடம், "சட்னிக்கெல்லாம் வாத்தியாரா? வீட்ல ரெஸ்ட் எடுங்க பெருசு" என்று சர்வர்கள் முன்னால் சிரித்தவன்.

"வெளிச் சாப்பாடு கூடாதுன்னு போர்டு இருக்கே, பாக்கலையா?"

"அதை எழுதி மாட்டினதே நான்தான் தம்பி."

தயாளன் எதிரே உட்கார்ந்து, ஓர் இட்லித் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். "பக்குவத்தைச் சொல்லுங்க."

சிங்காரவேலு கரண்டி நிறைய மொண்டு, அந்தத் தட்டுக்கு மேலே பிடித்தார். சாய்க்கவில்லை.

"அன்னைக்குச் சொன்னியே, அதை இன்னொரு தரம் சொல்லு. சர்வருங்க எல்லாரும் இருக்காங்க."

கரண்டி விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது.