முற்பணமாக ஒரு பொன்னாடை

"விருதா? எந்தச் சேவைக்கு?" என்று கேட்டாள் றுமைஸா.

"இனிமே செய்யப்போற சேவைக்கு," என்றான் அவள் கணவன் ஸிபான், பொன்னாடையின் ஜரிகையைத் தடவிப் பார்த்துக்கொண்டே.

கம்பளை றோட்டிலிருந்த அந்தச் சின்ன டவுனில் அதுதான் வழக்கம். பொலிஸுக்கு எந்தப் புது ஓ.ஐ.சி., அதாவது பொறுப்பதிகாரி, வந்தாலும், அவர் கதிரையில் சூடேறுமுன் வர்த்தகர் சங்கம் ஒரு பொன்னாடை, ஒரு கேடயம், 'மக்கள் சேவைத் திலகம்' என்றொரு பட்டம் எல்லாம் கொடுத்து முடித்துவிடும். பிளாஸ்டிக் வாளி, பேசன் விற்கும் கடை வைத்திருந்த ஸிபான்தான் சங்கச் செயலாளர்.

"போன ஓ.ஐ.சி.க்கும் போத்தினோமே. மாறிப் போற வரைக்கும் நடபாதையில ஈக்கிற ஒரு சாமானத் தொட்டாரா? அரூஸ் ஹாஜியார்ட சட்டிபானையத் தொட்டாரா? எங்கட பிளாஸ்டிக் பேசனத் தொட்டாரா?"

றுமைஸா பொன்னாடையை வாங்கி மடிக்கத் தொடங்கினாள். வாயைத் திறந்தால் எல்லாம் கொட்டிவிடும்.

போன வாரம் மகள் நுஹாவை ஸ்கூலிலிருந்து கூட்டி வந்தபோது, நடைபாதை நெடுகச் சாமான் கிடந்ததால் றோட்டில் இறங்க வேண்டியதாயிற்று. பஸ்ஸொன்று பிள்ளையின் பையைக் கிழித்துக்கொண்டு போனது. பையை மட்டும்தான். அன்றிலிருந்து அவள் வீட்டுக்குள்ளேயும் நுஹாவின் கையை விடுவதில்லை. ஸிபானிடம் பை ஆணியில் மாட்டிக் கிழிந்ததென்று சொல்லி வைத்திருந்தாள்.

பஸ் பையைக் கிழித்த மறுநாளே யாருக்கும் தெரியாமல் பொலிஸுக்குப் போனாள். புது ஓ.ஐ.சி. சிங்களவர், ஆனாலும் தமிழில்தான் கேட்டார்.

"எந்தெந்தக் கடை?"

"ஹாஜியார்ட பாத்திரக் கடை, ஸார். செருப்புக் கடை. கருவாட்டுக் கடை."

"வேற?"

"வேற இல்ல, ஸார்."

"பஸ் தட்டினது எந்தக் கடைக்கு முன்னால?"

"அது... ஹாஜியார்ட கடைக்கிட்ட போல. ஸார், என்ட பேர மட்டும் வெளிய சொல்லிப்போடாதீங்க."

"பார்ப்போம், மிஸிஸ்."

அந்தப் 'பார்ப்போம்' இப்போது பொன்னாடையில் வந்து முடிந்திருந்தது.

"மனுசன் சந்தோசமா ஏத்துக்கிட்டார்," என்றான் ஸிபான். "ஒரேயொரு கண்டிஷன். கடக்காரர் எல்லாரும், வேலயாக்களயும் கூட்டிக்கிட்டு வரணுமாம். வெறுங்கதிரையப் பாத்துப் பேச ஏலாதாம். சாமான உள்ளுக்கு எடுத்து மினக்கெட வேணாம், பொலிஸ் பாத்துக்குமாம்! புகழுக்கு எவ்வளவு ஆச பாருங்க!"

இவரும் அவ்வளவுதானா என்று நினைத்தபடி றுமைஸா பொன்னாடையைப் பெட்டிக்குள் திணித்தாள்.

விழா, டவுனுக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த கல்யாண மண்டபத்தில். பெண்கள் பக்கத்தில் நுஹாவின் கையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள் அவள். சங்கத் தலைவர் அரூஸ் ஹாஜியார் பொன்னாடையைப் போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"எங்கட ஓ.ஐ.சி. ஐயா சட்டத்துக்கு முன்னால பெரியவன் சின்னவன் பாக்காதவர்! ஏழைகளுக்குத் தோழன்! பிள்ளைகளுக்கு இன்னொரு வாப்பா!"

கைதட்டல். ஹாஜியார் முடிக்கப் பார்த்தார். ஓ.ஐ.சி. கையிலிருந்த போனைப் பார்த்தார். பிறகு ஹாஜியாரைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு, ஹாஜியார். இன்னும் கொஞ்சம் பேசுங்களேன்."

மண்டபமே சிரித்தது. ஹாஜியார் குளிர்ந்து போய், ஐயாவின் தலைமைத்துவத்தை ஆதியிலிருந்து மறுபடியும் தொடங்கினார். தின்னப் பெட்டிஸும் குடிக்கப் பிளேன்டீயும் வந்தன. ஓ.ஐ.சி.யின் போன் இன்னொரு தடவை மினுங்கியபோது, அவரே எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"நான் வந்து இன்னும் ஒரு வேலையும் செய்யல்ல. செய்யாத சேவைக்கு விருது எடுக்க எனக்கு வெட்கம். அதனால ஹாஜியார் பேசிக்கொண்டிருந்த நேரத்தில கொஞ்சம் சேவை செய்யச் சொன்னேன். இப்ப நடைபாதை முழுக்கச் சுத்தம். பயப்பட வேண்டாம், ஒரு சட்டி உடையல்ல. எல்லாச் சாமானும் பிரதேச சபை வளவில இருக்கு. பெரியவன் சின்னவன் பார்க்கல்ல. ஹாஜியார் சொன்ன மாதிரியே."

கடித்த பெட்டிஸும் கையுமாகக் கடைக்காரர்கள் கடைத்தெருவுக்கு ஓடினார்கள்.

"கேடயத்தயாவது திருப்பிக் கேப்போமா, ஸிபான்?" என்றார் ஹாஜியார் மூச்சு வாங்க.

"அதுல அவர்ட பேரப் பொறிச்சாச்சே, ஹாஜியார்!"

நுஹாவோடு பின்னால் வந்த றுமைஸாவுக்கு மட்டும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாத்திரக் கடை முகப்பு வெறுமை. செருப்புக் கடை வெறுமை. கருவாட்டுக் கடையில் வாசனை மட்டும் மிச்சம். அல்ஹம்துலில்லாஹ் என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு வந்தவள், தங்கள் கடைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள்.

"ஐயோ! எங்கட பேசனயுமா?"

"எந்தப் படுபாவி முறைப்பாடு குடுத்தான்?" ஸிபான் ஷட்டரில் ஓங்கிக் குத்தினான். "பிள்ளகுட்டி உள்ளவன் செய்ற வேலயா இது?"

அந்தத் திகைப்பில்தான் அவள் பிடி தளர்ந்தது. நுஹா கையை உருவிக்கொண்டு நடைபாதையில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடினாள். பிறகு கடை வாசலில் நின்று, தெருவே கேட்கக் கத்தினாள்:

"வாப்பா, இஞ்ச பாருங்களேன்! என்ட பைய பஸ் கிழிச்ச எடத்துல இப்ப ஒங்கட பேசன் ஒண்டுமே இல்ல!"